மாதா ஒட்டாத இடம்

லூர்துசெல்வி என் காரின் மேல் வேளாங்கண்ணி மாதாவை நடத்திக்கொண்டு போகிறார். உள்ளங்கை அகலமுள்ள காந்தப் படம் அது. பிரிட்ஜ் கதவில் ஒட்டுவதற்காகத் திருவிழாக் கடைகளில் விற்பது. பானெட்டில் வைத்து விரல் நுனியால் மெல்லத் தள்ளுகிறார். மாதா முன் கதவைக் கடந்து, பின் கதவைக் கடந்து, பின் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுக்கு வந்ததும் பொத்தென்று விழுகிறார். லூர்துசெல்வி குனிந்து எடுத்து, சட்டைக் கையில் துடைத்து, ஒரு முத்தம் வைத்து, அதே இடத்தில் மறுபடி ஒட்டிப் பார்க்கிறார். மாதா மறுபடி விழுகிறார்.

"இந்த எடத்துல இரும்பே இல்லீங்க சார். பூராவும் பட்டி" என்கிறார். "மாதா ஒட்டலீன்னா உள்ளுக்குள்ள என்னமோ மூடி வெச்சிருக்குதுன்னு அர்த்தமுங்க."

பட்டி என்பது வண்டியின் பள்ளங்களில் அப்பி, காய்ந்ததும் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்துவிடும் ஒரு பசை. கைதேர்ந்தவர் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் காரை என்னிடம் விற்ற மனிதர், ஒரு கீறல்கூடக் கிடையாது என்று பிள்ளைகள் மேல் ஆணையிட்டுச் சொன்னார். பொய்யில்லை, பட்டியில் எப்படிக் கீறல் விழும்? நாலு வருஷமாக ஞாயிறு தவறாமல் நான் தேய்த்துத் துடைத்துப் பளபளப்பாக்கியது அந்தப் பசையைத்தான் என்று தெரிந்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பதினைந்து வருஷம் முடிந்த காரைச் சேலத்துக்கு இறக்கிக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை இதே பாடு. சட்டத்தில் அதற்கு என்ன பெயரோ, ஏற்காட்டில் எல்லோருக்கும் அது எஃப்.சி.தான், பார்க்க வருகிறவர் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். பிரேக்கும் விளக்கும் மெக்கானிக்கின் கவலை. துரு லூர்துசெல்வியின் கவலை. வருஷத்தில் ஆறு மாதம் மழையும் பனியும் மாறி மாறிக் குடியிருக்கும் மலையில் அந்தக் கவலைக்குக் குறைவே கிடையாது.

அவருடைய கொட்டகை, சேலத்துக்கு இறங்கும் சாலையில், முதல் கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் காப்பித் தோட்டத்து வேலி. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் நட்டு வைத்திருக்கும் ஒரு பழைய பஸ் கதவுதான் அடையாளம். மலையை விட்டு இறங்கும் எந்த வண்டியும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். போகும் வண்டிகளின் அடிப்பாகத்தை லூர்துசெல்வி ஒரு பார்வை பார்க்காமல் விடுவதில்லை. எதிரே வருகிறவர்களின் முகத்தை அப்படிப் பார்க்கிறாரா என்பது சந்தேகம். சந்தைக்குப் போனால் ஆளைத் தெரியாது, காரைச் சொன்னால்தான் தெரியும்.

வயது நாற்பத்தாறு. எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்களைப் போலப் புடவைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. தலையைச் சுற்றி மஞ்சள் கம்பளித் துணி. கழுத்துச் சங்கிலியில் ஏழெட்டு ஊக்குகள், சின்னதும் பெரியதுமாக. மற்ற பெண்கள் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஊக்கு மாட்டியிருப்பார்கள். இவருக்கு அது தொழில் சாமான். கார்க் கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேற, வண்டி செய்தவர்களே வைத்த வழி அது. சேறும் இலைத்தூளும் அதை அடைத்துவிடும். ஊக்கைக் கழற்றிக் குத்தி அதைத் திறந்துவிட்டால்தான் லூர்துசெல்விக்கு மூச்சு வரும். தேவாலய வாசலில் நிற்கும் கார்களுக்கும், கல்யாண மண்டபத்தில் நிற்கும் கார்களுக்கும், உடையவரைக் கேட்காமலேயே இந்தச் சேவை நடக்கும். ஒரு தடவை ஏரிக்கரையில் ஒரு பெங்களூர்க்காரர் கார் திருடி என்று நினைத்துக் கூச்சல் போட்டுவிட்டார். "திருடறவ முட்டி போட்டு ஊக்குல குத்திக்கிட்டு இருப்பாளாங்க?" என்று கேட்டிருக்கிறார் லூர்துசெல்வி. அவருக்குத் தமிழ் புரியவில்லையாம். இவர் போகிற போக்கில் நாலாவது கதவையும் குத்திவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

அடுத்தது தட்டிப் பார்க்கும் பழக்கம். திருப்புளியின் மரப்பிடியால் தகரத்தைத் தட்டி, தலைத்துணியை இடது காதிலிருந்து மட்டும் ஒதுக்கி, குனிந்து கேட்பார். நல்ல தகரம் 'ணங்' என்னும். உள்ளே துரு தின்றிருந்தால் 'தொப்' என்னும். இடையில் இன்னும் பத்துப் பதினைந்து ஓசை இருக்கிறதாம், எனக்குக் கேட்டதில்லை. இந்தப் பழக்கம் கொட்டகையோடு நிற்பதில்லை. பழக்கடையில் பலாப்பழம், அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றையும் தட்டுவார். புதிதாக வந்த பங்குச் சாமியாரின் அறைக்கு வாழ்த்துச் சொல்லப் போனவர், அங்கிருந்த இரும்பு பீரோவைத் தட்டிவிட்டு, "நொம்ப நாளு தாங்காதுங்க ஃபாதர், அடித்தட்டு போயிருச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கணவர் தேவசிகாமணி பெயிண்டர். ஒல்லி, மெல்லிய குரல், சத்தம் ஆகாது. கல்யாணமான புதிதில் அவர்தான் டிங்கரிங் வேலையும் பார்த்தார். தகரத்தின் பின்பக்கம் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொள்வது மனைவியின் வேலை. சுத்தியல் அடியில் காது இரைச்சல் எடுத்துவிட்டது என்று ஒருநாள் அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். லூர்துசெல்வி எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் கதை. இதைப் பெரிய சாதனையாக எழுத நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தபோது, "அவருக்குக் கை நடுங்காம கோடு போட வருமுங்க, எனக்கு வராது. அவங்கவங்களுக்கு வர்றதப் பண்றோம்" என்று முடித்துவிட்டார்.

ஆனால் இருவரும் ஒரே கொட்டகையில் இரண்டு கட்சி. தேவசிகாமணி பட்டிக் கட்சி. லூர்துசெல்வி தகரக் கட்சி. துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைக்க வேண்டும் என்பார் இவர். கொஞ்சமாக இருந்தால் தேய்த்துவிட்டுப் பட்டி வைத்தால் போதும் என்பார் அவர்.

"மூஞ்சிக்குப் பவுடர் போடறதில்லையா செல்வி? அது பொய்யா?"

"காயத்து மேல போடுவீங்களா பவுடர?"

இதற்குமேல் தேவசிகாமணி கலர் டப்பாவைக் குச்சியால் கலக்கத் தொடங்கிவிடுவார். அந்தக் கலக்கலின் வேகத்தை வைத்து எவ்வளவு கோபம் என்று கணக்குப் போடலாம்.

என் காரைக் கொட்டகையில் விட்ட அதே வாரம், நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை, நசநசவென்று மழை. தலைச்சோலையிலிருந்து வேடியப்பன் தன் ஆம்னி வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, ஆரஞ்சு, சாமை என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்திருக்கும் மலை விவசாயி. இருபது வருஷத்து வேன். காப்பி மூட்டையும் ஆரஞ்சுக் கூடையும் ஏற்றியது போக, ஊரிலுள்ள கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் அந்த வேன்தான். இதுவரை பதினோரு பேர். "ஒரு புள்ளகூட வழியில பொறக்கலீங்க" என்பது வேடியப்பனின் ஒரே பெருமை. பன்னிரண்டாவது, அவர் மகள் மலர். பிரசவத்துக்கு வந்திருந்தாள். டிசம்பர் முதல் வாரம் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் வரும். ஆனால் மழைக்காலத்தில் வேடியப்பன் வீட்டுக்கு ஏறும் மண்பாதையில் பெரிய வண்டி ஏறாது, திரும்பாது.

வேனின் பதிவு அந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. வியாழக்கிழமை எஃப்.சி. அதில் தேறாவிட்டால் வேன் ஓடக்கூடாது. "பேப்பரு இல்லாத வண்டியில எம்புள்ளைய ஏத்த மாட்டனுங்க. நடுவழியில எவனாச்சும் நிறுத்துனா என்னங்க பண்றது?" என்றார் வேடியப்பன். பார்வைக்கு வேன் மோசமில்லை. எனக்கு அது என் காரைவிட நன்றாக இருப்பதாகத் தோன்றியது.

லூர்துசெல்வி மாதாவை எடுத்தார். இழுத்துத் திறக்கும் நடுக் கதவுக்குக் கீழே, காலை வைத்து ஏறும் படி இருக்கிறதே, அதன் நீளத்துக்கும் தள்ளிக்கொண்டு போனார். மாதா மூன்று இடத்தில் விழுந்தார். மூன்றாவது தடவை எடுத்தவர் முத்தம் வைக்க மறந்துவிட்டார். தலைத்துணியை ஒதுக்கித் தட்டினார். எனக்கே கேட்டது அந்தத் 'தொப்'. திருப்புளியைத் திருப்பிப் பிடித்து அழுத்தினார். பெயிண்டையும் பட்டியையும் உடைத்துக்கொண்டு அது பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்ததும் காப்பி நிறத்தில் தண்ணீர் பீய்ச்சியது. அரை வாளி இருக்கும். நின்றபாடில்லை. வேடியப்பன் தன் வேனிலிருந்து தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

லூர்துசெல்வி தரையில் படுத்து அடியில் பார்த்தார். தண்ணீர் வெளியேறும் ஓட்டைகள் ஒன்றுவிடாமல் அடைபட்டிருந்தன. சேறில்லை. ஊக்கால் சுரண்டி எடுத்து மூக்கில் வைத்தார்.

"ஏனுங்க வேடியண்ணா, இது தேன்மெழுகுங்களா?"

"ஆமாங்க அம்முணி. பனிக்காலத்துல அந்த ஓட்டை வழியாத்தான் குளுரு ஏறுது. புள்ளத்தாச்சிங்க காலு சில்லுங்குதுன்னு சொன்னாங்க. அதான் காச்சி ஊத்துனேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகாது, பாருங்க."

ஒழுகவில்லைதான். மலைத் தேனடையின் மெழுகு ஐந்து வருஷமாக ஒரு சொட்டையும் வெளியே விடவில்லை. வேறு யாராக இருந்தாலும் திட்டியிருப்பார்கள். லூர்துசெல்வி திட்டுவதில் சளைத்தவர் இல்லை. ஆனால் அன்று எழுந்து உட்கார்ந்து, கையிலிருந்த மெழுகை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"வேடியண்ணா, போன எஃப்.சி.க்கும் நீங்க இங்கதான் வந்தீங்க. இதே எடத்துல தட்டுனேன். தொப்புன்னுதான் கேட்டுச்சு. நாளைக்கு எஃப்.சி.ன்னு நீங்க நின்னீங்க, அவரு பட்டி எடுத்தாரு. நானு காதுல உழாத மாதிரி அக்கட்டால போயிட்டேன். அப்பவே வெட்டியிருந்தா இத்தன தூரம் தின்னுருக்காதுங்க. அது என் தப்பு."

குச்சி கலக்கும் சத்தம் நின்றது. தேவசிகாமணி டப்பாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பட்டி வைத்தது நான்தானே என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. முகம் மட்டும் சுண்டிப்போனது.

வேடியப்பன் குனிந்து அந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்தார். "சரிங்க அம்முணி. மெழுகு ஊத்துனது நானு. பட்டி வெச்சது நீங்க. ஆனது ஆயிப்போச்சு. இப்ப என்ன பண்றதுன்னு சொல்லுங்க" என்றார்.

இரண்டு வழி இருந்தது. திருப்புளி குத்திய ஓட்டையைப் பட்டியால் அடைத்துப் பெயிண்ட் அடித்தால், வியாழக்கிழமை வேன் பளிச்சென்று போகும், அநேகமாகத் தேறியும்விடும். வெட்டினால் இரண்டே நாள்தான் கையில் இருக்கிறது. தகரம் வைத்து முடித்தாலும் இந்தப் பனியில் பெயிண்ட் காயாது. அரைகுறையாகப் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடலாம். லூர்துசெல்வி இரண்டையும் ஒளிக்காமல் சொன்னார்.

"நடு சீட்டுலதான் மலரு உக்காருமுங்க" என்றார் வேடியப்பன். "அந்த சீட்டு இந்தத் தகரத்து மேலதான் நிக்குதா?"

"ஆமாங்க. இதுலதான் போல்ட்டு."

"வெட்டுனா தாங்குமுங்களா?"

"அதுக்கு நானாச்சு."

"அப்ப வெட்டுங்க."

செவ்வாய்க்கிழமை காலை நான் என் காரைப் பார்க்கப் போனபோது, அது சக்கரமில்லாமல் மூலையில் செங்கல் மேல் நின்றது. யாரும் அதைச் சீண்டவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். வேனின் சீட்டுகளும் பெட்ரோல் டேங்கும் வெளியே கிடந்தன. லூர்துசெல்வி வெட்டிக்கொண்டிருந்தார். கையளவு என்று தொடங்கியது முழ நீளம் ஆயிற்று, இரண்டு முழம் ஆயிற்று. பழுப்புத் தூள் கொட்டுவது நிற்கும் வரை வெட்டுவார். வெள்ளைத் தகரம் கண்ணில் பட்டதும், "வந்துட்டியா சாமி" என்பார், குழந்தையைக் கண்டதுபோல. பழைய காலண்டர் அட்டையை ஓட்டையின் அளவுக்கு வெட்டி, அதை அச்சாக வைத்துப் புதுத் தகரம் நறுக்கி, தண்டவாளத் துண்டின் மேல் வைத்து மடக்கினார். ஒரேயடியாகப் பற்றவைத்தால் தகரம் நெளிந்துவிடும் என்று இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளியாக வைத்து, ஆறவிட்டு, தட்டிக் கேட்டு, மறுபடி வைத்தார். அந்த வேலை முடியப் புதன்கிழமை மதியம் ஆகிவிட்டது. இடையில் அவர் சாப்பிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. தேவசிகாமணி ஒரு டம்ளர் கேப்பைக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே சுற்றியது மட்டும் ஞாபகம்.

பிறகு தேவசிகாமணியின் முறை. யாரும் சொல்லாமலே வேனுக்கு அடியில் புகுந்து, மல்லாக்கப் படுத்தபடி, புதுத் தகரம் முழுவதற்கும் துருவைத் தடுக்கும் செங்காவிப் பூச்சை இரண்டு தடவை அடித்தார். உள்ளே கையெட்டாத குழிவுகளில் எண்ணெய் ஊற்றினார். முகமெல்லாம் சொட்டு. இனி மேலே வெள்ளை அடிக்க வேண்டியதுதான் பாக்கி. மூன்று மணிக்குப் பனி கொட்டகைக்குள்ளேயே நுழைந்துவிட்டது. ஒரு துண்டுத் தகரத்தில் அடித்துப் பார்த்தார். கண் முன்னாலேயே வெள்ளை மங்கிச் சாம்பல் பூத்தது.

லூர்துசெல்விக்கு முகம் விழுந்துவிட்டது. வெளியே தெரியும்படி இரண்டு முழத்துக்குச் செங்கல் நிறப் பட்டை. கதவு விளிம்புகளிலும் திட்டுத் திட்டாக அதே நிறம். தன் கையால் போகும் வண்டியில் ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் தூக்கம் வராத மனிதர் தேவசிகாமணி. அவர் பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியைக் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டினார்.

"அப்படியே போகட்டும் செல்வி" என்றார். "மூட வேண்டாம்."

இருபது வருஷக் கட்சிச் சண்டை அந்தக் கடைசி இரண்டு சொல்லில் முடிந்துபோனது. லூர்துசெல்வி ஆறிப்போயிருந்த கூழை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

வியாழக்கிழமை அவர் கொட்டகையைப் பூட்டிவிட்டு வேனில் ஏறினார். எஃப்.சி.க்கு அவர் கூடப் போவது அதுதான் முதல் தடவை. என் கார் செங்கல் மேல் நிற்பதால் நானும் சேலம் போக அதிலேயே தொற்றிக்கொண்டேன். இருபது வளைவையும் வேடியப்பன் மெல்ல இறக்கினார். லூர்துசெல்வி நடு சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் காலால் தரையை அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சேலத்தில் எஃப்.சி. பார்க்கும் மைதானத்தில் எங்களுக்கு முன்னும் பின்னும் நின்ற வண்டிகளெல்லாம் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தன. எங்கள் வேன் மட்டும் கட்டுப் போட்ட நோயாளிபோல நின்றது. இன்ஸ்பெக்டர் கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர். விளக்கு, ஹாரன், பிரேக், வண்டியின் நம்பர் எல்லாம் பார்த்தார். குறை சொல்லவில்லை. கடைசியில் செங்காவிப் பட்டையின் முன்னால் வந்து நின்றார்.

"என்னங்க இது? பெயிண்ட்கூட அடிக்காமக் கொண்டாந்திருக்கீங்க?"

லூர்துசெல்வி சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, மரப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"குத்திப் பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் அதை வாங்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்து குத்தினார். கொஞ்சம் தள்ளி இன்னும் பலமாகக் குத்தினார். ணங், ணங் என்றது. அத்தோடு விட்டிருக்கலாம். லூர்துசெல்வி விடவில்லை.

"போன தடவ இதே எடத்துல பட்டி இருந்துச்சுங்க சார். நாங்க வெச்சதுதான். உள்ள பூராத் துரு. இப்ப வெட்டித் தகரம் வெச்சிருக்கறேன். பனிக்குப் பெயிண்ட் காயல."

எனக்கு அவர் வாயைப் பொத்திவிடலாமா என்று இருந்தது. தேறப் போகிற நேரத்தில் பழைய குற்றத்தை யாராவது இழுத்துவைத்துச் சொல்வார்களா? வேடியப்பன் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

"பட்டி இருந்துச்சுன்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

லூர்துசெல்வி மாதாவை எடுத்துக் கொடுத்தார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புதுத் தகரத்தின் மேல் வைத்தார். டக்கென்று பிடித்துக்கொண்டது. தள்ளினார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் மாதா எங்கும் விழவில்லை. எழுந்து நின்றவர், காந்தம் கையில் இருக்க, அடுத்து நின்ற பளபளக்கும் காரை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் காரின் சொந்தக்காரர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வெயில் வந்ததும் பெயிண்ட் அடிச்சிருங்க" என்று சொல்லி, காந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார் இன்ஸ்பெக்டர்.

வேடியப்பன் மலை அடிவாரம் வரைக்கும் ஓட்டி வந்தார். அங்கே ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, எங்களுக்கு டீ சொல்லிவிட்டு, தான் குடிக்காமல் வேனைச் சுற்றி வந்தார். செங்காவிப் பட்டையைத் தடவிக் கொடுத்தார். "இன்னும் அஞ்சு வருசமுங்க" என்றார், யாரிடம் என்று இல்லாமல். அவர் சிரித்தபோது எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

பத்து நாள் கழித்துத்தான் வெயில் முகம் காட்டியது. காலை ஒன்பது மணி. கொட்டகையில் என் காருக்கு ஒருவழியாக முறை வந்திருந்தது. தேவசிகாமணி வெள்ளைப் பெயிண்டைக் கலக்கி வைத்து வேனுக்காகக் காத்திருந்தார். வேன் வந்தது. பெயிண்டுக்காக வரவில்லை. நடு சீட்டில் மலர், பக்கத்தில் அவள் அம்மா, காலடியில் துணிப்பை. அன்றைக்கு வந்து சேரும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வலி இன்னும் வரவில்லை.

"ரெண்டு நிமிசமுங்க அம்முணி, காட்டிட்டுப் போலாமுன்னு நிறுத்துனேன்" என்றார் வேடியப்பன்.

லூர்துசெல்வி ஊக்கைக் கழற்றிக்கொண்டு வேனைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கதவின் அடியிலும் முட்டி போட்டுக் குத்திப் பார்த்தார். மெழுகில்லை, சேறில்லை. கடைசிக் கதவுக்கு வந்தவர், அந்த ஊக்கை வேடியப்பனின் சட்டைப் பையில் குத்திவிட்டார்.

"மழை பேஞ்சா மறுநாளே குத்தோணும். குளுந்தா கம்பளி போத்தி உடுங்க. ஓட்டையைத் தொடப்படாது."

"தொட மாட்டனுங்க."

மலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லூர்துசெல்வி திறந்திருந்த நடுக் கதவருகே வந்து, சட்டைப் பையிலிருந்து மாதாவை எடுத்து, துடைத்து, முத்தம் வைத்து, மலரின் கைக்கு எட்டும்படி, அவள் காலுக்குப் பக்கத்தில் புதுத் தகரத்தின் மேல் ஒட்டினார்.

"எதுக்குங்கக்கா? உங்களுக்கு வேலைக்கு வேணுமே" என்றாள் மலர்.

"வளைவுல பயமா இருந்தா தொட்டுப் பாத்துக்கோ. வர்றப்ப ரெண்டு பேருமா வந்து குடு சாமி."

கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். தேவசிகாமணி கையில் பெயிண்ட் குச்சியோடு வாசல் வரைக்கும் வந்து நின்றார். செங்காவிப் பட்டை வெயிலில் பளீரென்று தெரிய, வேன் முதல் வளைவில் இறங்கி மறைந்தது.

லூர்துசெல்வி என் காரிடம் திரும்பி வந்தார். முன் சக்கரத்தின் வளைவைப் பார்த்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, வெறும் கையாகத் திரும்பியது. திருப்புளியை எடுத்துக் குனிந்தார். தலைத்துணியை இடது காதிலிருந்து ஒதுக்கினார். ஆனால் தட்டவில்லை. திருப்புளி அந்தரத்தில் நிற்க, கீழே இரண்டாவது வளைவில், மூன்றாவது வளைவில் இறங்கிக்கொண்டிருந்த வேனின் சத்தத்தைக் கேட்டபடி, அது ஓயும் வரைக்கும் குனிந்தே நின்றார்.